நுவரெலியாவின் ஓய்வுநாட்கள்

சித்திரை பிறந்ததும் கொழும்பின் புழுக்கத்துக்கு அஞ்சி மலையேறுவது இந்நாட்டின் வசதிபடைத்தோரது நெடுநாளைய வழக்கம். இன்று அவ்வழக்கம் அவர்களோடு நின்றுவிடவில்லை. மாதச் சம்பளம் பெறும் உத்தியோகத்தரும் ஆசிரியரும் சிறு வியாபாரியும் வெள்ளிக்கிழமை மாலையில் வான் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, பிள்ளை குட்டிகளோடும் சமையற் பாத்திரங்களோடும் நுவரெலியாவுக்குப் புறப்படுகின்றனர். சனிக்கிழமை கிறகரி வாவியிற் படகோட்டம். ஞாயிறு அதிகாலையில் ஹோட்டன் சமவெளியின் உலக முடிவு. திரும்பும் வழியில் நீர்வீழ்ச்சி ஒன்றின் முன் நிழற்படம். திங்கட்கிழமை மீண்டும் கந்தோர். இதிற் குறைகூற எதுவுமில்லை. ஆறு நாளோ ஐந்து நாளோ உழைத்துக் களைத்த மனிதன் குளிர்ந்த காற்றையும் பசுமையையும் நாடுவது மிக இயல்பானது.

எனினும், இயல்பானவை எனத் தோன்றுகின்ற பலவற்றுக்கும் வரலாறு உண்டு. மலை இயற்கை தந்தது. அம்மலையை உல்லாச வாசஸ்தலமாக்கியது மனித உழைப்பு. ஞாயிறும் திங்களும் பஞ்சாங்கத்தில் என்றும் உள்ளவை. அவற்றுள் ஒன்றை ஓய்வுநாளாக்கியது சமுதாயப் போராட்டம். இவ்வுண்மைகளை மறந்துவிட்டு மலையழகை மாத்திரம் பார்ப்போமாயின், நாம் பார்ப்பது அம்மலையின் பாதியையே ஆகும்.

இம்மலைக்கு ஓய்வு தேடி முதலில் வந்தவர் யாவர்? அவர்கள் வந்த பாதையையும், உலாவிய வாவிக்கரையையும், தங்கிய மாளிகைகளைச் சூழ்ந்த பசுமையையும் யாருடைய கைகள் ஆக்கின? அக்கைகளுக்கு ஓய்வுநாள் என ஒன்று இருந்ததா? இம்மூன்று வினாக்களுக்கும் வரலாறு தரும் விடையை நாம் ஈண்டு சுருக்கமாக நோக்குவோம்.

*

கண்டி இராச்சியம் 1815 இல் ஆங்கிலேயரின் கைக்கு மாறியது. அவர்களுக்கெதிராக ஊவாவில் வெடித்த மக்கள் கிளர்ச்சி 1818 இல் இரத்த வெள்ளத்தில் நசுக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டே படை வைத்தியரான ஜோன் டேவி நுவரெலியாப் பகுதிக்கு வந்து பார்த்துச் சென்றார். 1821 இல் வெளியான தமது நூலில் அதைப் பற்றி எழுதினார். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,200 அடி உயரத்தில், 8,281 அடி உயரமான பீதுருதலாகலையின் அடிவாரத்தில் அமைந்த இச்சமவெளியின் சீதோஷ்ணம், வெப்ப நாடுகளில் நோய்ப்பட்டு மாண்டுகொண்டிருந்த ஐரோப்பியருக்கு அருமருந்தாகத் தோன்றியதில் வியப்பில்லை. தேசாதிபதி எட்வேர்ட் பார்ன்ஸ் 1820களின் இறுதியில் இதனைப் படையினர் உடல் தேறும் ஆரோக்கிய நிலையமாக்கினார். தமக்கும் ஒரு மாளிகை கட்டிக்கொண்டார். எனவே, நுவரெலியாவில் எடுக்கப்பட்ட முதல் விடுமுறை, நாட்டைப் பிடித்த படை மீண்டும் தென்புபெற எடுத்துக்கொண்ட விடுமுறையாகும்.

மனித வாடையே படாத வனாந்தரத்தைத் துரைமார் கண்டுபிடித்தனர் என்றொரு கதை இன்றும் சொல்லப்பட்டு வருகிறது. அக்கதையை மறுப்பதற்குத் துரைமாருடைய எழுத்துக்களே போதும். 1848 இல் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர், 1855 இல் வெளியிட்ட நூலில், அங்கு பழைய நீர்க்கால்களையும் மாணிக்கக் கல் அகழ்ந்த குழிகளையும் தாம் கண்டதாக எழுதியிருக்கிறார். கண்டி மன்னர் காலத்து மக்கள் அங்கே தொழில் புரிந்தனர் என்பது அவருடைய முடிவு. மனிதர் வந்து உழைத்துச் சென்ற மலையையே, பின்வந்தவர்கள் யாருக்கும் உரியதல்லாத மலை என்று கணக்கெழுதினர்.

அக்கணக்கைச் சட்டமாக்கியது 1840 ஆம் ஆண்டு முடிக்குரிய காணிகள் பற்றிக் கொண்டுவரப்பட்ட கட்டளைச் சட்டம். காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாதும் கிடக்கும் நிலமெல்லாம், வேறொருவருக்கு உரியதென நிரூபிக்கப்படும் வரையில், முடிக்கே சொந்தம் என்றது அது. சேனைப் பயிருக்கும் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் தலைமுறை தலைமுறையாக அந்நிலங்களை நம்பியிருந்த சிங்களக் கிராமவாசியிடம் எழுத்தில் உறுதி எங்கே இருந்தது? நிலம் முடிக்குச் சென்றது; முடியிடமிருந்து மலிவு விலைக்குத் தோட்டத் துரைமாரிடம் சென்றது. அரசாங்க உயர் உத்தியோகத்தரே காணி வாங்குவோராகவும் இருந்தனர். பேக்கர் ஏக்கர் ஒன்றுக்கு இருபது சிலிங் வீதம் 1,000 ஏக்கரை வாங்கி, இங்கிலாந்திலிருந்து குடியானவர்களையும் கால்நடைகளையும் விதைகளையும் கப்பலேற்றிக் கொண்டுவந்து, மலைமுகட்டிலே ஓர் ஆங்கிலக் கிராமத்தை எழுப்ப முயன்றார். அவர் 1855 இல் திரும்பிச் சென்றபோதும், அவர் கண்ட கனவு நுவரெலியாவை விட்டுப் போகவில்லை.

அக்காலத்து ஓய்வின் பெரும்பகுதி வேட்டையாகக் கழிந்தது. பதுளையில் அரசாங்க உத்தியோகம் பார்த்த மேஜர் றொஜர்ஸ் என்பவர் 1,400 யானைகளைக் கொன்றார் எனப் பெருமையோடு சொல்லப்பட்டது. அவர் 1845 இல் ஹப்புத்தளையில் இடிவிழுந்து மாண்டார். பேக்கர் தமது வேட்டை நாய்களுடன் மரைகளை மலைமலையாகத் துரத்தினார். தேசாதிபதி ஒருவரின் பெயர் சூட்டப்பட்ட ஹோட்டன் சமவெளியில் இன்று மரைகள் மேய்கின்றன, யானை இல்லை. உல்லாசப் பயணி அங்கே கண்டு வியக்கும் அமைதியில் ஒரு பங்கு, துப்பாக்கி உண்டாக்கிய அமைதி என்பதை நாம் மறத்தலாகாது.

*

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே நுவரெலியா இன்று நாம் காணும் வடிவத்தைப் பெற்றது. தேசாதிபதி வில்லியம் கிறகரி 1873 இல் நகரை அடுத்திருந்த சதுப்பு நிலத்தை வாவியாக்கும் வேலையைத் தொடக்கினார்; அவ்வாவி இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1875 இல் குதிரைப் பந்தயம். 1876 இல் துரைமாரின் கழகமான ஹில் கிளப். 1889 இல் கோல்வ் விளையாட்டுத் திடல். ஓடைகளில் மீன்பிடித்துப் பொழுதுபோக்குவதற்கென்று 1880களில் ட்றவுட் மீனினமும் கொண்டுவந்து விடப்பட்டது. உள்நாட்டவர் அக்கழகத்தினுள்ளே தட்டேந்திச் சென்றனர்; அங்கத்தவராகச் செல்ல அவர்களுக்குச் சுதந்திரத்தின் பின்னரே வழி பிறந்தது.

புகையிரதப் பாதையின் கதையும் இத்தகையதே. கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867 இலும், நாவலப்பிட்டிக்கு 1874 இலும், நானுஓயாவுக்கு 1885 இலும் பாதை எட்டியது. பதுளையை அடைந்தது 1924 இல். இன்று உலகின் அழகிய புகையிரதப் பயணங்களுள் ஒன்றெனப் புகழப்படும் இப்பாதை, அழகு காண்பதற்காகப் போடப்பட்டதன்று. முதலிற் கோப்பி மூட்டைகளையும், 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பின்னர் தேயிலைப் பெட்டிகளையும் துறைமுகம் சேர்ப்பதே அதன் நோக்கம். கீழிறங்கிய வண்டி தேயிலையைக் கொண்டுசென்றது. மேலேறிய வண்டி அரிசியையும், வேலையாட்களையும், விடுமுறைக்குச் செல்லும் துரைமாரையும் கொண்டுவந்தது. ஒரே வண்டி, வெவ்வேறு வகுப்புப் பெட்டிகள்.

ஒரு நன்மையையும் இங்கு குறிப்பிடுவது நேர்மையாகும். கியூ தாவரவியற் பூங்காவின் தலைவராயிருந்த ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டலாகாது என 1873 இல் ஆலோசனை கூறினார். ஆறுகளின் ஊற்றுக்களைக் காக்கும் பொருட்டு எழுந்த அவ்வாலோசனையின் பயனாகவே உச்சிக் காடுகளில் ஒரு பகுதி தப்பியது. ஹோட்டன் சமவெளி 1988 இல் தேசிய பூங்காவாகவும், 2010 இல் மத்திய மலைநாட்டின் ஏனைய காடுகளோடு சேர்த்து உலக மரபுரிமையாகவும் ஆக்கப்பட்டது. காட்டைக் காக்கத் தெரிந்த அரசுக்கு, அக்காட்டின் அடியில் வாழ்ந்த மனிதரைக் காக்கத் தோன்றவில்லை என்பதே நமது குறை.

*

இனி அந்த மனிதரிடம் வருவோம்.

தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் சாதிக் கொடுமையாலும் துரத்தப்பட்ட மக்கள், கங்காணிமாரின் ஆசைவார்த்தைகளை நம்பித் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் பட்டினியாலும் வழியிலேயே விழுந்தவர் பலர். மிஞ்சியவர் மலையேறினர். காட்டை வெட்டினர், கல்லை உடைத்தனர், கோப்பி நட்டனர், பின்பு அதையே பிடுங்கித் தேயிலை நட்டனர். இன்றைய பயணி மலைச்சரிவைப் பார்த்து, பச்சைக் கம்பளம் விரித்தாற்போல என்று வியக்கின்றானே, அக்கம்பளத்தின் ஒவ்வோர் இழையும் அவர்கள் முடிந்தது. இயற்கைக் காட்சி எனப்படும் அது உண்மையில் ஒரு தொழிற்கூடம். கூரை மாத்திரந்தான் இல்லை.

அத்தொழிற்கூடத்தில் நாள் எப்படித் தொடங்கியது? விடியுமுன் தப்பொலி, பிறகு பிரட்டுக்களம், அங்கே பேர் பதிவு, பனி கால்களைக் கடிக்க மலையேற்றம். நிறுவையிற் கொழுந்து குறைந்தால் அரைப் பேர். அரைப் பேர் என்றால் அரைநாட் கூலி. துரையின் குடும்பம் மலைக்காற்று வாங்கிய அதே குளிரில், பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறையில் ஒரு முழுக் குடும்பம் அடுப்புப் புகையைச் சுவாசித்தது. ஒரே குளிர் ஒருவருக்கு ஆரோக்கியமாகவும் மற்றவருக்கு நோயாகவும் அமைந்த விந்தையைச் சீதோஷ்ண சாத்திரத்தால் விளக்கமுடியாது. அதனை விளக்குவதற்குப் பொருளாதாரம் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை இருந்தது; ஆனால் அது கூலியற்ற நாளாக இருந்தது. நாட்கூலிக்காரனுக்கு ஓய்வென்பது அவன் சொந்தச் செலவில் எடுப்பது. அன்றுதான் விறகு பொறுக்கவேண்டும், துணி துவைக்கவேண்டும், கடைக்குச் செல்லவேண்டும். பெண்ணுக்கோ அந்த ஓய்வும் அடுப்படியிலேயே கழிந்தது. விரும்பினாலும் வேறெங்கு செல்ல முடியும்? கங்காணியின் கடன் அவனைக் கட்டியிருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் செல்ல, கடன் தொகை எழுதிய துண்டு வேண்டியிருந்தது. துண்டு முறை 1921 இலேயே ஒழிந்தது. உல்லாசப் பயணியின் சுதந்திரம் முழுவதும் நினைத்த இடத்துக்குச் செல்வதில் இருக்கிறது. மலையை ஆக்கியவனுக்கோ அடுத்த மலைக்குச் செல்லும் உரிமையும் நெடுங்காலம் மறுக்கப்பட்டது.

வெளியார் உள்ளே செல்வதும் எளிதாக இருக்கவில்லை. தோட்டம் தனியார் காணி. துரையின் அனுமதியின்றி அதனுள் நுழைபவன் அத்துமீறியவன். தொழிலாளரின் நிலையை நேரிற் கண்டறிய விரும்பிய கோ. நடேசய்யர், புடைவை வியாபாரியாக வேடம் பூண்டு தோட்டங்களுக்குட் புகுந்தார் என்பது மலையக வரலாற்றில் நிலைத்துவிட்ட செய்தி. பின்னர் அவர் 1931 இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் கூட்டங்களிற் பாட்டாற் பிரசாரம் செய்தார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது, கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் வேட்டுக்குப் பலியானார். விடுமுறைக்கு வருவோர் மலையிற் காணும் நினைவுச் சின்னங்களுள் தேசாதிபதிகளின் பெயர்கள் பல உள. கோவிந்தனின் பெயரை எத்தனை பேர் அறிவர்?

*

நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளக்பூல் என்றோர் இடம் இருக்கிறது. கிறகரி வாவியின் நீர் 1913 இல் சுரங்கவழியே திருப்பப்பட்டு, அங்குள்ள மின்நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அவ்விடத்தின் பெயர் இங்கிலாந்தில் லங்காஷயர் மாகாணத்துக் கடற்கரை நகரொன்றின் பெயராகும். இப்பெயரொற்றுமை நம்மைச் சிறிது நேரம் ஆளும் நாட்டுக்கே அழைத்துச் செல்லட்டும். ஏனெனில், இங்கே மலையைத் தமதாக்கிக்கொண்ட ஆளும் வர்க்கம் அங்கும் மலைகளைத் தமதாக்கியே வைத்திருந்தது. ஆனால் அங்கே அதற்குக் கிடைத்த பதில் அறியத்தக்கது.

லங்காஷயரின் பஞ்சாலைத் தொழிலாளர் ஆண்டுக்கொருமுறை ஆலைகள் மூடும் வாரத்தில் அந்தப் பிளக்பூலுக்குச் சென்றனர். 1846 இல் அங்கு புகையிரதம் வந்தது. ஆனால் அந்த வாரத்துக்குக் கூலி இல்லை. ஆண்டு முழுவதும் வாரம் சில பென்ஸ் சேர்த்தே ஒரு வாரக் கடற்காற்றை அவர்கள் வாங்கினர். வார இறுதியும் அவர்களுக்குத் தானாக வந்ததன்று. பெண்களும் இளைஞரும் வேலை செய்யும் நெசவாலைகள் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு மூடவேண்டும் என 1850 ஆம் ஆண்டின் ஆலைச் சட்டம் விதித்தது. பல ஆண்டுக்காலக் கிளர்ச்சி பெற்றுத்தந்த சட்டம் அது. இன்று உலகெங்கும் வழங்கும் வார இறுதி என்ற வழக்கத்தின் வேர்களுள் ஒன்று, அந்தச் சனிக்கிழமை இரண்டு மணிச் சங்கொலியில் இருக்கிறது.

நேரம் கிடைத்த பின்னர் இடம் தேவைப்பட்டது. மஞ்செஸ்டர், ஷெபீல்ட் என்னும் இரு பெருந்தொழில் நகரங்களுக்கும் நடுவில் கிண்டர் ஸ்கவுட் என்ற உயர்ந்த மேட்டுநிலம் இருக்கிறது. புகை மண்டிய நகரத்துத் தொழிலாளர் ஞாயிறுதோறும் காற்றுத் தேடி அத்திசை நோக்கி நடந்தனர். ஆனால் அம்மேட்டுநிலம் பிரபுக்களின் பறவை வேட்டைக்கென அடைக்கப்பட்டிருந்தது. ஆண்டிற் சில நாள் வேட்டைக்காக, ஆண்டு முழுவதும் காவல். மலைகளில் நடமாடும் உரிமைக்காக ஜேம்ஸ் பிறைஸ் என்பவர் 1884 இலேயே பாராளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார், அது நிறைவேறவில்லை. 1932 ஏப்ரில் 24 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, சில நூறு தொழிலாளர் ஒன்றாகத் திரண்டு, தடையை மீறி அம்மேட்டிலேறினர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய பெனி றொத்மன் இருபது வயது இளைஞர்; மோட்டார் இயந்திரத் தொழிலாளி; கம்யூனிஸ்ட் வாலிபர் கழகத்தவர். படை அதிகாரிகளும் கிராமப்புறக் கனவான்களும் நிறைந்த ஜூரி சபையின் முன் ஐவர் குற்றவாளிகளாகக் காணப்பட்டு, இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை பெற்றனர். றொத்மனுக்கு நான்கு மாதம்.

தண்டனை அவர்களை அடக்கவில்லை. சில வாரங்களுள் ஆயிரக்கணக்கானோர் அதே கோரிக்கையுடன் கூடினர். 1938 இல் சம்பளத்துடன் கூடிய விடுமுறைச் சட்டம் வந்தது. 1949 இல் தேசிய பூங்காக்கள் பற்றிய சட்டம் வந்தது. கிண்டர் மேட்டை உள்ளடக்கிய பகுதி 1951 இல் அந்நாட்டின் முதலாவது தேசிய பூங்காவாயிற்று. அம்மேட்டின் அன்றைய சொந்தக்காரரான பிரபுவின் வழித்தோன்றல், தமது முன்னோரின் செயலுக்காக 2002 இல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ஓய்வுநாளும், அந்த ஓய்வுநாளைக் கழிக்க மலையும், அம்மலைக்குச் செல்லும் பாதையும் மூன்றும் ஒரே போராட்டத்தின் பலன்கள் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆனால் இங்கிலாந்துத் தொழிலாளிக்கும் நமது மலைநாட்டுத் தொழிலாளிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அவன் வெளியிலிருந்து மலைக்குள் நுழைய உரிமை கேட்டான்; இவனோ மலைக்குள்ளேயே இருந்தான். ஆயினும் மலை இவனுடையதாக இருக்கவில்லை. லிப்டன் 1890 இல் இங்கே தோட்டங்களை வாங்கி, இங்கிலாந்துத் தொழிலாளரின் வீடுகளுக்கு மலிவு விலையிற் தேயிலை விற்றுப் பெருஞ்செல்வரானார். அவர் அமர்ந்து தம் தோட்டங்களை நோக்கியதாகச் சொல்லப்படும் தம்பத்தனை மலைமுகடு, லிப்டன் இருக்கை என்ற பெயரில் இன்றும் பயணிகளை ஈர்க்கிறது. அம்முகட்டிலிருந்து பார்த்தால் அடிவாரத்து லயக்கூரைகளும் காட்சியின் ஒரு பகுதியாகவே தெரியும்.

*

1948 இல் நாடு சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டு டிசம்பர் 10 ஆம் திகதி ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. ஓய்வும் பொழுதுபோக்கும் சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் ஒவ்வொரு மனிதனுக்கும் உரிமை என அதன் 24 ஆம் பிரிவு கூறுகிறது. அதற்குச் சில வாரங்கள் முன்னதாக, நவம்பர் 15 ஆம் திகதி, இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் அமுலுக்கு வந்தது. அச்சட்டத்தால் மலைநாட்டுத் தமிழ்த் தொழிலாளரின் பெரும்பகுதியினர் தாம் ஆக்கிய நாட்டிலேயே நாடற்றவராயினர். 1964 ஆம் ஆண்டின் ஸ்ரீமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. உயிருள்ள மனிதர் இரு அரசுகளுக்கிடையே பங்கிடப்பட்டனர். எஞ்சியிருந்தோரின் பிரசாவுரிமைக் குறை 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே பெருமளவிற் தீர்ந்தது. உலகம் ஓய்வை உரிமையாக்கிய காலத்தில், ஒரு மக்கட் கூட்டம் உரிமை கேட்கும் உரிமையையே இழந்து நின்றது.

நகரத்து உழைப்பாளர் இக்காலத்தில் முன்னேறினர். 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் வாரத்துக்கு ஒன்றரை நாள் விடுமுறையைச் சம்பளத்துடன் உறுதிசெய்தது. 1966 இல் அரசாங்கம் சனி ஞாயிறு விடுமுறையை நீக்கிப் போயா நாட்களை வார விடுமுறையாக்கியது. 1971 இல் மீண்டும் சனி ஞாயிறு திரும்பின. வார இறுதி என்பது வானத்திலிருந்து விழுந்த விதியன்று, அரசும் சமுதாயமும் வகுப்பது, மாற்றக்கூடியது என்பதற்கு நமது நாட்டிலேயே கிடைத்த உதாரணம் இது. சந்திரனைப் பார்த்து விடுமுறையை மாற்றியமைக்க முடிந்த நாட்டில், கொழுந்து பறிப்பவளின் வார ஓய்வுக்குக் கூலி வகுப்பது மாத்திரம் ஏன் முடியாமற் போயிற்று?

மலைநாட்டின் வாவிகளும் இக்காலத்திற் பெருகின. மின்சாரத்துக்காக 1965 இல் காசல்ரீயும் 1969 இல் மவுசாகலையும் நீர்த்தேக்கங்களாயின. மவுசாகலையின் அடியிலே பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கிறது. வரட்சியில் நீர் வற்றும்போது கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் இடிபாடுகளாக வெளியே தெரியும்; பயணிகள் வந்து படமெடுப்பர். நாட்டுக்கெல்லாம் ஒளிதந்த நீர் அது. ஆனால் அதன் கரையிலிருந்த லயங்கள் பலவற்றிற்கு அந்த ஒளி மிகத் தாமதமாகவே வந்தது.

தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் அரசுடைமையாயின. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. கந்தப்பளையிற் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்று 1996 இல் ஹோட்டலாயிற்று. துரைமாரின் பங்களாக்கள் பல விருந்தினர் விடுதிகளாயின. தொழிலாளரின் நாட்கூலி ஆயிரம் ரூபாவானது 2021 இலே. அதுவும் பல ஆண்டுகள் வீதியில் நின்று கேட்ட பின்னர். துரையின் படுக்கையறையில் ஓரிரவு தங்குவதற்கு அன்று பயணி கொடுத்த வாடகையை, அதைச் சுற்றியுள்ள மலையிற் கொழுந்தெடுப்பவள் எத்தனை நாட் பேரில் உழைத்திருப்பாள் என்று வாசகரே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

*

இவற்றையெல்லாம் எழுதுவதால், மலைக்குச் செல்லாதீர் என நாம் சொல்வதாக யாரும் கருதவேண்டியதில்லை. துரைமாருக்கு மட்டும் உரியதாக இருந்த குளிர்ச்சியை இன்று ஒரு தபாற் சேவகனும் தன் பிள்ளைகளுக்குக் காட்டமுடிகிறதென்றால் அது முன்னேற்றமே. அழகை அனுபவிக்கும் ஆற்றல் செல்வருக்கு மட்டும் வாய்த்ததென்பது ஆளும் வர்க்கத்தின் பழைய பொய். அந்தப் பொய்யை உடைத்தவர்களின் வரிசையிலேயே நாமும் நிற்கிறோம்.

நாம் கேட்பது, அம்முன்னேற்றம் மலையின் பாதிவழியில் நின்றுவிடலாகாது என்பதே. தலைநகரின் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வீடுகளிலும் வேலை செய்யும் மலையக இளைஞர் தீபாவளிக்கு ஊர் திரும்பும் வண்டியை நோக்குங்கள். முன்பதிவுப் பெட்டியில் உல்லாசப் பயணி சாளரத்தருகே அமர்ந்து மலையைப் பார்க்கிறான். மூன்றாம் வகுப்பில், மூட்டைகளுக்கிடையே நின்றபடி, அம்மலையில் உழைத்தவளின் மகன் வீடு செல்கிறான். கொஸ்லாந்தைக்கு அருகே தியலும நீர்வீழ்ச்சி 220 மீற்றர் உயரத்திலிருந்து விழுவதைக் காண ஆயிரமாயிரம் பேர் செல்கின்றனர். அதே கொஸ்லாந்தையின் மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஒரே மலைச்சரிவு, பயணிக்குக் காட்சி, தொழிலாளிக்குப் புதைகுழி.

ஆகவே, மலைநாட்டின் சுற்றுலாவைப் பற்றிப் பேசுவோர் அனைவரிடமும் சில எளிய கோரிக்கைகளை வைக்கவேண்டியிருக்கிறது. தேயிலைத் தொழிலாளியின் வார ஓய்வுநாள் கூலியுள்ள நாளாகவேண்டும். லயத்துக்குப் பதிலாகப் பாதுகாப்பான நிலத்தில், சொந்த உறுதியுடன் வீடு வேண்டும். மலையழகைக் காட்டி ஈட்டப்படும் வருவாயில் ஒரு பங்கு அம்மலையின் பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் செல்லவேண்டும். வாவிக்கரையிலும் புகையிரத நிலையத்திலும் எழுதப்படும் வரலாற்றில், ஆணையிட்டவரின் பெயரோடு மண் சுமந்தவரின் கதையும் எழுதப்படவேண்டும். இவை நடந்தேறும் காலத்தில், வாவியில் ஓய்வாகப் படகேறும் குடும்பங்களுள் ஒன்று மேலேயுள்ள தோட்டத்திலிருந்து இறங்கி வந்த குடும்பமாகவும் இருக்கும். அன்றைக்குத்தான் அம்மலை வருவோருக்கும் வாழ்வோருக்கும் பொதுவான மலையாகும்.